எவாரிஸ்ட் அத்தானின் நடுக்கம்

உலகத்தின் எந்த மூலையில் ஒரு கிளாரினெட் நடுங்கி அழுதாலும், அந்த நடுக்கம் என் அத்தான் எவாரிஸ்டின் முழங்காலில் பிறந்ததுதான். சரி, உலகம் என்பது கொஞ்சம் அதிகம். நியூ ஆர்லியன்ஸில் எங்கள் நாலு தெருவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

அத்தானுக்குச் சுவர் பூசும் வேலை. ஏணிக்குப் பயந்த பூச்சுக்காரர். சாரத்தில் நிற்கும்போது ஜெபமாலையைப் பல்லில் கடித்துக்கொள்வார். வாத்து எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். மஞ்சள் காய்ச்சல் ஒரே கோடையில் அவருடைய தாயையும் தகப்பனையும் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு யார் கதவைத் தட்டினாலும், இந்தத் தடவை யார் போனது என்ற முகத்தோடுதான் திறப்பார்.

இத்தனைக்கும் மேலாக அவர் பயந்தது எங்கள் அப்பாவுக்கு. அப்பா முன் அறையில் கிளாரினெட் கற்றுக்கொடுத்தார்; கற்க வந்தவர்களுக்கு அவர் 'முசே', பிரெஞ்சில் ஐயா. தாளில் எழுதியிருப்பதுதான் சங்கீதம், மற்றதெல்லாம் சத்தம் என்பார். அத்தானும் அவரிடம்தான் கற்றார். கனால் தெருவுக்கு அந்தப் பக்கத்து ஆட்களோ தாளே இல்லாமல், கோயில் பாட்டையும் பட்டாளத்து மெட்டையும் பிய்த்துப்போட்டுப் புதிதாக ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜாஸ் என்ற பெயர்கூட அப்போது எங்கள் தெருவுக்கு வரவில்லை. அப்பா வைத்த பெயர் சாக்கடை. அப்பாவின் அண்ணன் மகன் லூசியன் அதை வாசிக்கிறான் என்று தெரிந்த அன்று, சாப்பாட்டு மேஜையிலிருந்து அவன் தட்டை அப்பாவே எடுத்து உள்ளே வைத்தார். பிறகு அவன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

இந்த வீட்டுப் பெண்ணோடுதான், என் அக்கா ஒதீலோடுதான், அத்தானுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. அவரோ ஞாயிறு பூசை முடிந்ததும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்து வாத்தியக்காரர்களின் வண்டியில் ஏறிவிடுவார். அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

"இவ்வளவு பயந்துக்கிட்டு எதுக்கு அத்தான் வாசிக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வாசிக்கிறப்போ மட்டும்தான் குட்டி பயம் இல்ல."

"அப்பாகிட்ட சொல்லிடுங்களேன்," என்றாள் அக்கா.

"நாளைக்குச் சொல்றேன்."

அந்த நாளை வரவேயில்லை.

நடன மண்டபக்காரர்கள் விளம்பரத்துக்காகக் கோவேறு கழுதை பூட்டிய சாமான் வண்டியில் வாத்தியக்காரர்களை ஏற்றித் தெருத்தெருவாக அனுப்புவார்கள். ஒரு தெருமுனையில் இரண்டு வண்டிகள் சந்தித்துவிட்டால் போட்டி வாசிப்புதான்; தோற்கிறவன் நழுவிவிடாதபடி இரண்டின் சக்கரங்களையும் சேர்த்துக் கட்டிவிடுவது வழக்கம். ஜனம் ஒரு பக்கத்தைக் கூவி விரட்டும்வரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. அத்தானுடைய வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்ததே இல்லை. அந்த ஞாயிறு, அதை ஓட்டும் பெரிய ஜூல் பாதை மாறி எங்கள் முனைக்கே வந்துவிட்டான். எதிரே இன்னொரு வண்டி. எதிர்வண்டிக்காரன் ஜெரோம் குதித்து இறங்கிச் சக்கரங்களைக் கட்டிப்போட்டான். சரியாக எங்கள் வாசலுக்கு நேரே.

அத்தான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "ஜூல் அண்ணே, கயித்த அறுத்துடு. கும்பிடுறேன்."

"அறுத்தா ஊரே நம்மளக் கோழைன்னு சொல்லும்."

"நான் கோழைதான் அண்ணே! ஊருக்கே தெரியுமே!"

"அது உன்னோட போகட்டும். என்னைச் சேக்காத. வாசிடா!"

கூட்டம் அதற்குள் தெருவை அடைத்துவிட்டது. டிராமில் வெள்ளையருக்கு ஒன்று, எங்களைப் போன்ற நிறத்தவருக்கு ஒன்று என்று பலகை வைத்து ஆட்களைப் பிரித்த ஊர் இது. அந்த வண்டிகளைச் சுற்றிப் பலகை எதுவும் இல்லை. ஐரிஷ்காரப் பையன்கள் எங்கள் சலவைக்காரப் பெண்களின் தோளோடு தோள் உரசி நின்றார்கள். குதிரைமேல் இருந்த போலீஸ்காரன் தடியைத் தடவிக்கொண்டே அந்தத் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கல் விழுந்தால் போதும், கலவரம்தான்.

எதிர்வண்டியின் கார்னெட், அந்தக் குட்டை ஊதுகொம்பு, முழங்கி ஓய்ந்தது. எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் கிளாரினெட்டை வாயில் வைத்த அதே கணத்தில் எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. கைத்தடியோடு அப்பா.

அன்று வாசிக்கும்போதும் பயம் போகவில்லை. முழங்கால் ஆடியது. மூச்சு ஆடியது. ஒரு நெடிய சுரம், காற்றில் சிக்கிய பட்டம் போலத் துடிதுடித்துக்கொண்டு வெளியே வந்தது. போலீஸ்காரனின் கைகூடத் தடியில் அப்படியே நின்றது. அவன் அழுதான் என்றும் சொல்வேன், நம்புவது உங்கள் பாடு. அத்தான் நிறுத்தியிருந்தால் பற்கள் கிட்டிப்போயிருக்கும். அதனால் நிறுத்தாமல் வாசித்தார். முடித்தபோது தெருவே கத்தியது. கார்னெட்காரன் தொப்பியைக் கழற்றினான்.

அப்பா சக்கரத்தருகே வந்தார். அக்கா என் கையை நசுக்கினாள்.

"முகத்தை ஏன் மறைக்கிற? விரலைப் பாத்தாலே தெரியாதா? அது நான் போட்டுக் குடுத்த விரல்," என்றார் அப்பா. "அந்த நடுக்கம் மட்டும் என்னுது இல்ல. யார் சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான் முசே. இப்பதான்."

கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. கைத்தடியால் அந்தக் கிளாரினெட்டைச் சுட்டினார்.

"நீ என் வீட்டுக்குள்ள வரலாம். அது வரக் கூடாது. வாசல்ல வச்சுட்டு வா."

கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அப்பா இருந்தவரை, அத்தானின் கிளாரினெட் மழையானாலும் வெயிலானாலும் எண்ணெய்த்துணி சுற்றி வாசற்படியில் காத்துக் கிடந்தது. யாராவது திருடிவிடுவார்களோ என்று சாப்பாட்டுக்கு நடுவே அத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டேயிருப்பார். முன் அறைக்குக் கற்க வந்த பிள்ளைகள் மட்டும், "அந்த நடுக்கத்தையும் சொல்லித் தாங்க முசே," என்று அப்பாவின் உயிரை வாங்கினார்கள்.

இதுவரை எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஜெரோமா கட்டினான்? அவனுக்கு ஷூ கயிறே கட்ட வராது. அது நம்ம கொல்லைல துணி காயப்போடுற கயிறுடி, கட்டினது நான். வண்டிய இந்தப் பக்கம் திருப்பச் சொல்லி ஜூலுக்கு ஆள் விட்டதும் நான்தான். நாளைக்கு நாளைக்குன்னா நான் கிழவியாகிற வரைக்கும் காத்திருக்கவா? அவர்கிட்ட கடைசிவரை சொல்லல. சொல்லியிருந்தா என்னைப் பாத்தும் பயந்திருப்பார், பாவம்."