கறிவேப்பிலை மேல் காக்கா எச்சம்

மாடம்பாக்கத்தில் நாங்கள் கீழ் வீட்டில் குடியிருந்தோம், ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி மாடியில். வாசலில் மதிலோரமாக ஒரு கறிவேப்பிலைச் செடி. ஆன்ட்டிக்கு அது உசுரு. செவ்வாய், வெள்ளி யாரும் தொடக்கூடாது. விளக்கு வைத்த பிறகு கேட்கவே கூடாது. கண்ணு பட்டுவிடும் என்று தண்டில் ஒரு கறுப்புக் கயிறு வேறு.

அந்தச் செடி மொட்டையாக ஆரம்பித்தது. முதலில் கொழுந்து போகும், அப்புறம் வெறும் ஈர்க்குதான் மிஞ்சும். "கொத்தா ஒடிச்சா தெரிஞ்சிடும்னு இலை இலையா உருவுறாங்க போல" என்று ஆன்ட்டி பால்கனியில் நின்று பொதுவாகச் சொல்வார். பொதுவாக என்ன பொதுவாக? கீழே இருப்பது நாங்கள் மட்டும்தானே! நான் ரசம் தாளித்தால் மாடியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். கடையில் கொசுறாகத் தந்த கறிவேப்பிலையைப் பைக்கு மேலே தெரியும்படி தூக்கிக்கொண்டு வருவேன். அதையும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்.

எனக்கும் சந்தேகம் வந்தது. வாடகை அக்ரிமென்ட் முடியும் சமயம். பெண் பிளஸ் டூ, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். அவள் பரீட்சை முடியும்வரை எங்களைக் கிளப்பிவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே பயம். அனுப்ப ஒரு சாக்கு வேண்டுமென்று ஆன்ட்டியே பறித்துப் போடுகிறாரோ? சே, என்ன புத்தி இது என்று என்னையே திட்டிக்கொள்வேன். மறுநாள் பல் விளக்கும்போது திரும்ப அதே நினைப்பு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து கேட்டைத் திறந்தேன். இலை மேல் இருந்த காக்கா எச்சம் நகர்ந்தது.

ஆன்ட்டி தினமும் திட்டுகிற அதே எச்சம்தான். "சோறு வெக்கிறேன்ல, அந்த நன்றிகூட இல்லாம என் செடி மேலயே போகுதுங்க!" குனிந்து பார்த்தேன். பழுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு. விரல் பட்டதும் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு வாடை விட்டது பாருங்கள்! பயாலஜி டீச்சர் நான். பழிக்குப் பயந்து செடி பக்கமே போகாமல் இருந்ததால் இது கண்ணில் படவே இல்லை.

"ஆன்ட்டி, கீழ வாங்க! உங்க திருடனைப் பிடிச்சாச்சு!"

முட்டிவலியோடு இறங்கி வந்தார். நம்பவே இல்லை. "இவ்ளோண்டு புழுவா?"

"இது சின்னது. பெருசானா பச்சையா ஆயிடும், இலையோட இலையா தெரியாது. பறவைங்க கொத்தாம இருக்கத்தான் இந்த எச்சம் வேஷம். வண்ணத்துப்பூச்சியாகும் ஆன்ட்டி. பூச்சிங்க அண்டக் கூடாதுன்னுதான் செடி இந்த வாசனையை வெச்சிருக்கு. மத்ததெல்லாம் ஓடிடும். இந்த ஜாதி மட்டும் தலைமுறை தலைமுறையா பழகி, அந்த வாசனையை வெச்சே செடியைக் கண்டுபிடிச்சு முட்டை போடுது. எருக்குக்கு ஒரு ஜாதி, அரளிக்கு ஒண்ணு, ஆமணக்குக்கு ஒண்ணு. சண்டையில்லாம ஆளுக்கொரு செடின்னு பிரிஞ்சு உக்காந்திருக்குங்க."

"எடுத்து வேற செடில விட்டா?"

"தின்னாது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை... அந்தக் குடும்பத்தை விட்டா பட்டினி கிடந்து செத்துடும்."

ஆன்ட்டி முகம் அப்படியே இளகிவிட்டது. "அய்யோ பாவம், வாயில்லா ஜீவன். போக்கிடம் இல்லாததை எங்கன்னு துரத்தறது? இருந்துட்டுப் போகட்டும். மருந்து கிருந்து அடிச்சுடாதே."

அப்பாடா, வீடு தப்பித்தது என்று நெஞ்சு லேசானது. என்னைச் சந்தேகப்பட்டதற்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "பையன் வேற ஆளுக்கு வீட்டைப் பேசி முடிச்சிட்டான். அடுத்த மாசம் காலி பண்ணிக் குடுத்துடு."

பேசி முடித்தாயிற்றாம்! எப்போது? இத்தனை நாள் அந்த மூக்கு உறிஞ்சலெல்லாம் எதற்கு? "பொண்ணுக்குப் பரீட்சை, ஆன்ட்டி" என்றேன்.

"உங்களுக்கென்னம்மா, எங்க போனாலும் பொழச்சுப்பீங்க" என்றபடி, வெயில் படாமல் புழு இருந்த கொப்பை நிழல் பக்கமாக ஒதுக்கிவிட்டார்.