கச்சான் காற்றில் இருபது வீட்டு மிலாறு

1. பெரட்டு

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் உதவி வெளிக்கள உத்தியோகத்தராக நான் வேலைக்குச் சேர்ந்தது ஆனி மாதக் கடைசியில். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். அதே தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர்களை நானே வாசித்தேன்.

“செல்லம்மா!”

“இருக்கேன், மிஸ்,” என்றார் அம்மா. பெரட்டுக் களமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அந்த நிற்பு இன்றும் கண்ணில் இருக்கிறது.

2. இடம் பார்த்தது

ஆடி பிறந்ததும் கச்சான் காற்று இறங்கியது. மேற்கு மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்றில் ஈரமே இருக்காது. உதடு வெடிக்கும், கூரைத் தகரம் இரவு பகலாக அடித்துக்கொள்ளும். தேயிலைக்கு நல்ல மணம் கொடுப்பதும் அதே காற்றுதான். இருபது வீடுகள் ஒட்டி நின்ற எங்கள் லயத்துக்கு மேலே இருந்த மானாப்புல் மலை ஒரு வாரத்தில் வைக்கோல் நிறமாகிவிட்டது.

எனக்குக் கவலை மிலாறு பற்றித்தான். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தேயிலைக் குச்சிகளைச் சுமந்து வந்து, இருபது வீட்டுக்காரர்களும் லயத்தின் பின்சுவரோடு கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மழைக்காலம் முழுவதற்கும் அதுதான் அடுப்பெரிக்க. ஒரு பொறி விழுந்தால் லயமே போய்விடும்.

மிலாறையெல்லாம் மேலே பந்து விளையாடும் மைதானத்துக்கு மாற்றச் சொன்னேன்.

“மிஸ், மைதானத்த ஒட்டித்தானே மானா நிக்குது?” என்று பாக்கியம் அக்கா கேட்டார். எங்கள் அடுத்த வீட்டுக்காரர்.

“அதுக்குத்தான் நடுவுல ஆறடிக்குப் புல்லு வெட்டியிருக்கோமே அக்கா. தீ தாண்டாது.”

“காத்துக்கு அது தெரியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆறடி என்று என் பயிற்சிக் கொப்பியில் இருந்தது.

யாரும் அசையவில்லை. அம்மாதான் முதல் கட்டைத் தூக்கினார். “மிஸ் சொன்னா செய்ய வேண்டியதுதானே. என்னா வேடிக்க பாக்குறீங்க?” இரண்டு நாளில் மிலாறு முழுவதும் மைதானத்துக்குப் போய்விட்டது.

3. சங்கு

ஆவணி முதல் வாரம், மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம். ஃபேக்டரிச் சங்கு விடாமல் ஊதியது. மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று யாரோ மலையுச்சியில் வைத்த தீ காற்றோடு கீழே வந்துகொண்டிருந்தது. கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம். சவுக்குக் கொப்புகளை முறித்து அடித்தோம். என் ஆறடியைத் தீ நிற்காமலே தாண்டியது.

லயத்துக் கூரையில் பொறி மழையாக விழுந்தது. பற்றுவதற்குப் பின்சுவரில் எதுவும் இல்லாததால் விழுந்த இடத்திலேயே அணைந்தது. மைதானத்தில் இருபது வீட்டு மிலாறும் ஒரே தீயாக நின்று எரிந்தது. அரை மணி நேரத்தில் சாம்பல்.

பாக்கியம் அக்கா புகையில் சிவந்த கண்ணோடு என்னிடம் வந்தார். “லயம் நிக்குது மிஸ், நல்லதுதான். நாளைக்கு ஒல வைக்க என்னாத்த எரிக்கிறது?”



4. கடிதம்

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போய், ஃபேக்டரி விறகில் லயத்துக்குக் கொஞ்சம் கேட்டேன்.

“அது கொழுந்து காய வைக்கிற விறகு. சும்மா குடுக்க முடியாது. என்ன காரணம்னு எழுதிக் குடுங்க.”

“தீ விபத்துன்னு எழுதவா, சேர்?”

“தீ எல்லாத் தோட்டத்திலயும்தான் வருது. விறகு ஏன் அங்க இருந்துச்சு?”

அலுவலக மேசையில் உட்கார்ந்து எழுதினேன். இடத்தைத் தெரிவு செய்தவள் நான், பெண்கள் எச்சரித்தும் கேட்கவில்லை, தவறு என்னுடையது. வேலை போனாலும் போகலாம் என்று நினைத்தேன். துரை இரண்டு முறை வாசித்துவிட்டு, விறகு லொறிக்கு உத்தரவு போட்டார்.

லொறி வந்த மாலை அம்மா கேட்டார். “அந்தக் கடுதாசியில என்னா புள்ள எழுதின?”

சொன்னேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டார்.

“கீழ பேரு போட்டியா?”

“போட்டேன்மா.”

“முழுப் பேரும்?”

“முழுப் பேரும்.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு, தன் பங்கு விறகை எடுக்கப் போனார்.

இப்போது வேறு தோட்டத்தில் இதே வேலையில் இருக்கிறேன். கச்சான் தொடங்குமுன் லயம் லயமாகப் போகிறேன். மிலாறு சுவரை விட்டு நகர வேண்டும், அதில் மாற்றமில்லை. எங்கே என்பதை மட்டும் நான் சொல்வதில்லை. அதில் சமைக்கப்போகிற பெண்கள் இடம் காட்டுகிறார்கள், நான் கொப்பியில் எழுதிக்கொள்கிறேன்.