குழாய் பிடித்தவள்

கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஐம்பதுகளின் நடுவில், ஒரு பெண்ணின் நெஞ்சைப் பரிசோதிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தோட்டத்துக்கு வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்து டிஸ்பென்சர் முத்துலிங்கம் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவார். மறுமுனையில் இருக்கும் வட்டத் தகட்டை ரவிக்கைக்குள் விட்டு, அவர் சொல்லும் இடத்தில் வைப்பது ராக்காயியின் வேலை. ஆண்கள் என்றால் முதுகில் விரலை வைத்துத் தட்டியும் பார்ப்பார். பெண்களுக்குத் தட்டல் கிடையாது. அந்நிய ஆண் தொடக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. போட்டிருந்தால்கூட இத்தனை ஒழுங்காக நடந்திருக்காது.

ராக்காயி புருஷனைப் பறிகொடுத்தவள். மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகியபின், கொழுந்துக் கூடையை விட்டு டிஸ்பென்சரியைக் கூட்டிக் கழுவ வந்தாள். குழாய் பிடிக்கிற வேலையும் தலையில் விழுந்தது. தகடு சில்லென்று இருக்குமே என்று உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித்தான் வைப்பாள். பெண்கள் அவளை நம்பினார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரம்மா மழைக்காலத்தில் இருமத் தொடங்கினாள். டிஸ்பென்சரியில் காட்டிவிட்டு வந்தால்தான் வேலை என்று கங்காணி சொல்லிவிட்டார். காட்டப் போவதற்கு முதல்நாளே வீரம்மா ராக்காயியிடம் வந்து, ரத்தம் பட்ட சேலைத் தலைப்பைக் காட்டினாள். இடுப்பில் அவள் மகள், பால்குடி மாறாத நாகலெட்சுமி.

"ஐயா கண்டுபுடிச்சா ரயிலேத்தி சயரோக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்கக்கா. வேலாயி போனா, திரும்பி வந்தாளா? எம்புள்ளைய யாரு பாப்பா?"

"அதுக்கு நான் என்னடி செய்ய?"

"எடது பக்கம் மேலதான் குத்துது. அங்க மட்டும் வைக்காதீங்க."

மறுநாள் முத்துலிங்கம், "இடப்பக்கம், மேல" என்றபோது தகடு வலப்பக்கத்திலேயே நின்றது.

"மூச்சை இழு பிள்ளை. விடு. இன்னொருக்கா." கேட்டுவிட்டு, "சளிதான்" என்று மருந்து எழுதினார். ஒரு தாயைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் ராக்காயி அன்று நினைத்தாள். அன்று அவளுக்குச் சோறு ருசித்தது.

மழை விட்டும் இருமல் விடவில்லை. பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, விட்டுவிட்டு வந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் மற்றக் குழந்தைகள் தவழ, நாகலெட்சுமி போட்ட இடத்தில் கிடந்தாள். வீரம்மா தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

குழந்தைக்கு ஏது வெட்கம்? முத்துலிங்கமே சட்டையைக் கழற்றி, குழாய் வைத்துக் கேட்டார். அந்தச் சின்ன முதுகில் விரலால் தட்டினார். ஒரு பக்கம் வெற்றுக் குடம்போல ஒலித்தது. மறுபக்கம் மரப்பலகையைத் தட்டினது போலிருந்தது. தூரத்தில் நின்ற ராக்காயிக்கே அந்த வித்தியாசம் புரிந்தது.

"வீட்டில ஆருக்கு இருமல்?"

"எனக்குத்தாங்க."

"உன்னை நான் பாத்தனான்தானே. ரெண்டு பக்கமும் சுத்தமாக் கிடந்தது." யோசித்தார். "எதுக்கும் இன்னொருக்காப் பாப்பம்." ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ராக்காயி தகட்டைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே நின்றாள். கை நீளவில்லை. வீரம்மா பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, இடப்பக்கம் மேலே அழுத்தினாள்.

"இங்க வைங்கக்கா."

முத்துலிங்கம் வெகுநேரம் கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, குழாய் காதில் இருக்கும்போதே இந்தப் பக்கம் திரும்பினார். வீரம்மாவைப் பார்க்கவில்லை, ராக்காயியைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கு நான் வேற எடத்துல வச்சேங்க" என்றாள் ராக்காயி.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கொட்டகலை ஸ்டேஷன் வரை மூட்டையை ராக்காயிதான் சுமந்து வந்தாள். பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்றுதானே வீரம்மா பயந்தாள். பிரிக்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்தே ரயிலேற்றினார்கள்.