சிம்மத்தின் வலது கண்

கையில் ஒரு கோலிகுண்டு கிடைத்தால் வீரபத்திரன் மாமா முதலில் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் சுற்றிலும் தடவிக்கொண்டே போவார். நகம் எங்காவது தட்டுப்பட்டால் போச்சு, அன்றைக்குச் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. "தொப்புள் இருக்குது மச்சான்! கையால செஞ்ச குண்டு!" என்று குதிப்பார். நாற்பது வயசு மனுஷன். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அவர் என் அக்கா இந்திராணியின் புருஷன். காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சோடா கம்பெனியில் பாட்டில் கழுவுகிற வேலை. நான் அதே தெருவில் இரண்டு தறி போட்டு பட்டு நெய்துகொண்டிருந்தேன். சோடா பாட்டில் உடைந்தால் கழுத்தில் இருக்கிற குண்டு கழுவுகிறவனுக்கு என்பது அந்தக் கம்பெனி வழக்கம். அந்தப் பச்சைக் குண்டுகளில் பத்தைத் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் வீட்டில் எங்கோ மூலையில் கிடக்கும் பழைய குண்டு ஒன்றை வாங்கிக்கொள்வார். அப்படிச் சேர்ந்தது ஒரு பிஸ்கட் டின் நிறைய.

இதெல்லாம் எனக்கு வேண்டாத கதை, ஆனாலும் காதில் ஓதி ஓதி எனக்கும் பாடம் ஆகிவிட்டது. முன்காலத்தில் சீமையில் கண்ணாடியைக் குச்சியாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, கையாலேயே உருட்டுவார்களாம். நறுக்கின இடம் இரண்டு பக்கமும் தழும்பாக நின்றுவிடும். அதைத்தான் மாமா தொப்புள் என்பார். பின்னால் மிஷின் வந்தது, தழும்பில்லாத மொழுமொழு குண்டு வந்தது. இதை யார் அவருக்குச் சொன்னது என்று கேட்டால், பஜாரில் பழைய கண்ணாடிச் சாமான் விற்ற அஜிதநாதன் என்பார். அந்த நல்ல மனுஷர் ஒரு நாள் பேச்சு வாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இவர் பத்து வருஷம் அலைந்தார்.

எங்கள் தெரு அம்மன் கோவிலில் ஒரு சிம்ம வாகனம் உண்டு. மரத்தில் செய்தது, தூக்க லேசாக இருக்கட்டும் என்று உள்ளே பொள்ளலாகக் குடைந்திருப்பார்கள். கண் இரண்டும் தேன் நிறக் கண்ணாடிக் குண்டுகள், அரக்கு வைத்து ஒட்டினவை. அறுபத்து நாலில் ஆடித் திருவிழாவின் போது மாமா அதைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இடது கண்ணு சீமை குண்டு. உள்ள செவப்பு நூலு முறுக்கிக்கினு ஓடுது பாரு. வலது கண்ணு பஜார் குண்டுபா, ரெண்டு பைசா! எவனோ நடுவுல மாத்திட்டான்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? தர்மகர்த்தா திருஞானசம்பந்தத்தின் அப்பா செய்துவைத்த வாகனம் அது. விஷயம் அவர் காதுக்குப் போயிற்று. "எங்கப்பா வெச்ச சாமானுக்கு இந்த சோடாக்காரன் வெல போடறானா?" என்றாராம். அவருக்குப் பட்டுக் கடை. என் இரண்டு தறிக்கும் பாவு நூலும் ஜரிகையும் அங்கேயிருந்துதான் வரும்.

அன்றிலிருந்து மாமாவுக்கு ஒரே பைத்தியம், இடது கண்ணுக்கு ஜோடி தேடுவது. ஏனாத்தூர், ஐயம்பேட்டை என்று ஒரு ஊர் பாக்கியில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காராமல் பிள்ளைகளின் டிராயர் பாக்கெட்டைத் துழாவுவார். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

எழுபதில், தை மாதம், திருமுக்கூடலில் எங்கள் சின்னம்மா முறை மணியம்மாள் வீட்டுக்கு நானும் மாமாவும் மட்டும் போனோம். அவள் பல்லாங்குழி ஆடுகிற சோழிப் பெட்டியில் கிடந்தது அது. தேன் நிறம், நடுவில் சிவப்பு நூல் முறுக்கு. மாமா கன்னத்தில் வைத்தார், வெயிலில் பிடித்தார், நகத்தால் தடவினார். தொப்புள் இருந்தது. "எடுத்துக்கினு போப்பா, சும்மாதானே கெடக்குது" என்றாள் அந்தப் புண்ணியவதி.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரே குசுகுசுப்பு. "வர்ற ஆடிக்கு அம்மனுக்கே குடுத்துடறேன் மச்சான். யார்கிட்டயும் சொல்லாத. ரெண்டு கண்ணும் ஒண்ணா இருக்கணும் அதுக்கு."

ஆடி வந்தது. கொடுக்க மனசு வரவில்லை. "ஆறு வருஷம் தேடனேனே, ஒரு வருஷம் என்கிட்ட இருக்கட்டுமே" என்றார். சிறு பிள்ளையைப் போல என்னிடம் அனுமதி கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இருக்கட்டும் போ மாமா என்றேன்.

எழுபத்தொன்றில் திருவிழாவுக்கு வாகனத்தைத் துடைக்க எடுத்தபோது வலது கண்ணைக் காணோம். வெறும் குழி.

யாரைப் பிடிப்பார்கள்? ஊரில் குண்டுக்கு அலைகிறவன் ஒருத்தன்தானே. கோவில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தர்மகர்த்தா ஆள் விட்டு மாமாவைக் கூட்டி வந்தார். மாமா ஈரக் கையோடு வந்து நின்று, தப்பிக்கத் தெரியாமல் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

"மொதலாளி, நான் திருடறதா இருந்தா இடது கண்ணயில்ல எடுத்திருப்பேன்? வலது கண்ணு பஜார் குண்டாச்சே!"

"கேட்டீங்களா!" என்றார் தர்மகர்த்தா. "எதத் திருடணும்னு கணக்கே போட்டு வெச்சிருக்கான்!"

அவ்வளவுதான். டின்னைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார்கள். நானூறு குண்டு நாலா பக்கமும் ஓடிற்று. தேன் நிறக் குண்டைத் தர்மகர்த்தாவே பொறுக்கியெடுத்து, இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அச்சு அசல். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜோடி சேரும்படி ஆறு வருஷம் பாடுபட்டுத் தேடினால் சேராமல் என்ன செய்யும்?

"அதுக்குத் தொப்புள் இருக்குதுங்க, தடவிப் பாருங்க! காணாம போனதுக்குத் தொப்புள் கெடயாது!" என்று மாமா கத்தினார். கூட்டம் சிரித்தது. "சிங்கத்துக் கண்ணுக்குத் தொப்புளாம்டா!" என்றான் ஒருத்தன்.

"திருமுக்கூடல் மணியம்மா குடுத்ததுங்க. அம்மனுக்குக் குடுக்கத்தான் வெச்சிருந்தேன். மச்சான் கூட இருந்தான், அவனக் கேளுங்க!"

மணியம்மாள் அந்தப் பங்குனியில்தான் செத்துப்போயிருந்தாள். தர்மகர்த்தா என் பக்கம் திரும்பினார். "சொல்லுபா பரசுராமா. நீ பாத்தியா?"

அவர் என்னை மிரட்டவில்லை. முறைக்கக்கூட இல்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எத்தனையோ பேரிடம் மிரட்டினார் என்று புளுகியிருக்கிறேன். என் தறியில் அவர் கடைக்கான கல்யாணப் புடவை பாதியில் நின்றது. நாளைக்குப் பாவு இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நானாகத்தான் பயந்தேன்.

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

மாமாவை அம்மன் முன்னால் விழச் சொன்னார்கள், விழுந்தார். தப்பு பண்ணிட்டேன் தாயே என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னார். அவர் குண்டை அரக்கு வைத்து சிங்கத்தின் வலது கண்ணில் ஒட்டினார்கள். "இப்பதான் சிங்கம் நல்லா முழிச்சிக்கினு இருக்குது" என்று ஊரே மெச்சியது. நாசமாய்ப் போக.

மறுநாள் காலையில் சாமி புறப்பாடு. வாகனம் தூக்குகிறவர்களில் நானும் ஒருத்தன், தோளில் தாங்குகிற முன் கொம்பு எனக்கு. சிங்கத்தின் கழுத்து என் காதுக்கு மேலே இருக்கும். மேளம் ஓய்ந்த இடத்தில் திருப்பத்தில் சாய்த்தபோது உள்ளே ஏதோ உருண்டது. கடகடவென்று முன்னால் வந்தது, பின்னால் போயிற்று. பழைய அரக்கு உதிர்ந்து கண் உள்பக்கமாகவே விழுந்திருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆணியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷமும் அப்படித்தான், அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். தோளில் சாமியையும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு பொய்.

மாமா சோடா குண்டுகளைக்கூட வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்தினார். டின்னையும் கிடைத்த குண்டுகளையும் அக்கா வாரிக் குப்பையில் போட்டாள். தெருவில் அவருக்குக் கண்ணு திருடன் என்று பேர் நின்றுவிட்டது. புறப்பாடு அவர் வீட்டு வாசலுக்கு வரும்போது கதவைச் சாத்திக்கொள்வார்கள். அக்கா என்னோடு பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது?

எழுபத்து நாலில் வாகனத்துக்குப் புது வர்ணம் அடிக்க ஆசாரி சிங்கத்தின் கழுத்தைக் கழற்றினார். என் காலடியிலேயே விழுந்தது குண்டு. தேன் நிறம், ஒரு பக்கம் அரக்குப் பொருக்கு. நகத்தால் சுற்றிலும் தடவினேன். எங்கேயும் தட்டவில்லை. தொப்புள் இல்லை.

தர்மகர்த்தாவிடம் ஓடினேன். அவர் அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மூணு வருஷம் ஆச்சு. ஊரே மறந்துடுச்சி. இப்ப போயி ஏம்பா கெளற்ற? புது பாவு வந்திருக்குது, சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போ" என்றார்.

அங்கேயிருந்து நேரே சோடா கம்பெனிக்குப் போனேன். மாமா தொட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டிருந்தது. நான் கையை நீட்டினேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். இப்போது கன்னத்தில் வைப்பார், வெயிலில் பிடிப்பார், நகத்தால் தடவுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். வைக்கவில்லை. பிடிக்கவில்லை. சும்மா கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வலது கண்ணு மாமா. சிங்கத்துக்குள்ளயே கெடந்துது. நீ சொன்ன அந்தப் பஜார் குண்டு. ஞாபகம் இருக்குதா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மச்சான் என்று கூப்பிடவில்லை.

"ஞாபகம் இல்லீங்க" என்றார்.

குண்டை என் உள்ளங்கையில் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த பாட்டிலைத் தொட்டியிலிருந்து எடுத்தார்.