சத்தமே இல்லாத வண்டி

பக்கத்து வீட்டுப் பரந்தாமன் பல கோடி ரூபாய் கார் ஓட்டப் போகிறார் என்று தெரிந்த அன்று, அவரைவிட அதிகமாகத் தலைகால் புரியாமல் ஆடியவன் நான்தான். கார் என்றால் எனக்குப் பைத்தியம். என்னிடம் இருப்பது உதைத்தால் மட்டும் கிளம்பும் ஒரு ஸ்கூட்டர்.

பரந்தாமன் மாநகரப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவர். எங்கள் ஐயப்பன்தாங்கல் டிப்போவில்தான் ஓய்வு பெற்றார். ஓய்வு என்று மாலை போட்டு அனுப்பினார்கள், அவ்வளவுதான். மகன் ஜெகனுக்கு நிலையான வேலை இல்லை. மனைவி முத்தம்மாளுக்கு மூட்டு வலி. மாலை வாடுவதற்குள் திருவேற்காட்டுக் கங்காதரன் வீட்டில் டிரைவராகச் சேர்ந்துவிட்டார். கங்காதரனுடையது அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நெல் விளைந்த இடத்தில் இப்போது கிடங்கு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அவர்தான் ஆசைப்பட்டு அந்தக் காரை இறக்கினார்.

"அண்ணாத்தே, அப்பிடி இன்னாதான் கீது அதுல?" என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரிப்பேன்.

"கதவ இழுத்துச் சாத்த வாணாம், அதுவே சாத்திக்கும். கீழ கம்பளத்துல கால வெச்சா கணுக்கால் வரிக்கும் பூந்துக்குது. கூரைல நட்சத்திரம் மாரி குட்டிக் குட்டி லைட்டு. கதவுக்குள்ள ஒரு ஓட்ட, அதுல கொட" என்பார், கொட்டாவிக்கு நடுவே. "அதெல்லாம் கூட வுடு நைனா. உள்ள சத்தமே இல்ல. அதான் பெருசு."

"பின்சீட்டு எப்பிடி?"

"நான் எங்க ஒக்காந்தேன்? தொடைக்கறதோட சரி."

எனக்கு எரிச்சலாக வரும். என்னை விட்டிருந்தால் முதல் நாளே அதில் காலை நீட்டிப் பார்த்திருப்பேன்.

அந்த அமைதிதான் அவருக்கு எமனாக வந்தது. பேருந்தில் பக்கத்திலேயே என்ஜின் உறுமும், ஜன்னல் தகரம் தடதடக்கும், நடத்துநர் விசில் காதைக் கிழிக்கும். அந்த இரைச்சல்தான் அத்தனை வருஷமும் அவரை விழித்திருக்க வைத்தது. இந்தக் காரில், மெட்ரோவுக்காகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தோண்டிப்போட்ட பள்ளம்கூடத் தெரியாது. குளிர்காற்று வேறு. பின்னால் கங்காதரன் குறட்டை. ஒரு மத்தியானம் குமணன்சாவடி சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் அடித்த ஹாரன் எதுவும் உள்ளே கேட்கவில்லை. போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டியபிறகுதான் பரந்தாமன் கண்ணைத் திறந்தார். கங்காதரன் அப்போதும் எழவில்லை.

"நிக்கறப்போ தூங்கிட்டேன். ஓடறப்போ தூங்கிக்கினா இன்னா ஆவறது?" என்று என்னிடம் கேட்டார். பயந்துபோயிருந்தார்.

"சொல்லிடு அண்ணாத்தே, முடியலன்னு."

"தூக்கம் வர்துன்னு சொல்ற டிரைவராண்ட எவன் சாவி குடுப்பான்?"

நியாயம்தான். அந்தச் சாவியில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கொஞ்சம் விபூதி மிச்சமிருந்த ஒரு தகர டப்பாவில் இரும்பு நட்டு இரண்டைப் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்தார். அந்த வண்டி அதைக்கூட ஆடவிடவில்லை. பிறகு தன் பக்கத்துக் கதவுப் பையில் செருகினார். கிலுக் என்றது. போதும், தூக்கம் ஓடிப்போயிற்று.

கங்காதரனின் தூக்கமும் சேர்ந்து ஓடிப்போனதுதான் வினை. வேறு காராக இருந்தால் அந்தச் சத்தம் காதிலேயே விழுந்திருக்காது. இதில் கோயில் மணியாகக் கேட்டது. கார் இரண்டு முறை கம்பெனிக்குப் போய்வந்தது. அங்கே உள்ளவர்கள் விபூதி சிந்திவிடக் கூடாதென்று டப்பாவை ஆடாமல் எடுத்து, கண்ணில் ஒற்றி, தனியாக வைத்துவிட்டு, வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார்கள். ஒரு சத்தமும் இல்லை என்று சொல்லி டப்பாவை மறுபடி அதன் இடத்திலேயே பத்திரமாக வைத்து அனுப்பினார்கள். சாமி சமாசாரத்தின்மேல் எவன் சந்தேகப்படுவான்?

மூன்றாவது முறை பிரசன்னா என்ற என்ஜினியர் நேரிலேயே வந்தார். அவரும் டப்பாவைக் கண்ணில் ஒற்றி வைத்துவிட்டுத் தேடினார். பிறகு டப்பாவை மறுபடி கதவுப் பையில் செருகிவிட்டு, கங்காதரனும் பரந்தாமனும் அவருமாக ஒரு சுற்றுக் கிளம்பினார்கள். வேலப்பன்சாவடி தாண்டியதும் கிலுக் என்றது.

கங்காதரன் பிரசன்னாமேல் பொங்கிவிட்டார். "கோடி கோடியா குட்த்து கிலுகிலுப்ப வாங்கிகினு வந்துக்கீறனா? ஒன்ன வேலய வுட்டுத் தூக்கல, எம்பேரு கங்காதரன் இல்ல!"

பிரசன்னாவுக்கு முகம் செத்துப்போயிற்று. பரந்தாமன் வண்டியை ஓரங்கட்டினார். டப்பாவைத் திறந்து, விபூதிக்குள் விரலை விட்டு, இரண்டு நட்டையும் எடுத்துக் காட்டினார்.

"அவுர ஒண்ணும் சொல்லாதீங்க மொதலாளி. நான் வெச்சதுதான். சத்தம் இல்லாங்காட்டி தூக்கம் தள்ளுது. ஒடம்பு முடியல."

கங்காதரன் நட்டு இரண்டையும் வாங்கிப் பார்த்தார்.

"எனுக்கு ஊட்ல கண்ணே மூடாது. இதுல ஏறுனாதான் தூக்கம். நீங்களும் தூங்கிக்கீறீங்கன்னா, இத்தினி நாளா வண்டிய யாருய்யா ஓட்டுனது?"

பரந்தாமன் டப்பாவை மூடினார்.

"எறங்குங்க. பின்னால போயி ஒக்காருங்க" என்றார் கங்காதரன்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் அந்தக் கார் வந்து நின்றதை நான் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் கங்காதரன். பிரசன்னா இறங்கிப் பின்கதவைத் திறந்தார். உள்ளே பரந்தாமன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். தோளைப் பிடித்து உலுக்கவேண்டியிருந்தது. கங்காதரன் விபூதி டப்பாவை முத்தம்மாளிடம் மரியாதையாகக் கொடுத்தார். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லவில்லை. கார் போன சத்தமும் கேட்கவில்லை.

எனக்குப் பரந்தாமனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணாத்தே, பின்சீட்டு எப்பிடி இருந்துச்சு?"

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு யோசித்துப் பார்த்தார்.

"தெர்ல நைனா. தூங்கிட்டேன்."

பிறகு பழக்கதோஷத்தில் கார் சாவிக்காகச் சட்டைப்பையைத் தடவினார். அது இப்போது கங்காதரனிடம் இருந்தது. தடவிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.