நேர்த்திக்கு வாங்கிய தேங்காய்கள்

புலம்பெயர்ந்து வந்த மங்கரேயில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில், எலும்பு அறுக்கும் மின்வாளில் எனக்கு வேலை. சனி, ஞாயிறும் போவேன். மனைவிக்கு அது பிடிக்காது.

"வீடென்ன லொட்ஜே? படுக்க மட்டும் வாறீங்கள்."

"வீட்டு மோட்கேஜ் கடனை உன்ர அப்பரே கட்டுறார்?" என்பேன். நானும் விடுகிற ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை, அறுத்துக்கொண்டிருந்த ஆட்டுத் தொடை வழுக்கியது. கையும் கூடவே போனது. முதலில் வலியே இல்லை. மேசையில் கிடந்த விரல்களைப் பார்த்து, யாருடையவை என்றுதான் யோசித்தேன். பிறகு ரத்தம் முகத்தில் அடித்தது. நான் போட்ட கத்தலில் பக்கத்து வாள்களும் நின்றன. வலக்கையில் பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு வீடே கதி. சும்மா கிடக்கிற மனுசனுக்குக் கோபம்தான் வேலை. சோறு குழைந்தால் சாப்பாட்டுக் கோப்பை சுவருக்குப் பறக்கும். குளியலறைக் கதவை உதைத்து ஓட்டையாக்கினேன். அவள்மேல் மட்டும் கை வைக்கவில்லை. அதுவும் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

ஒருநாள் கராஜுக்குள் ஒரு சாக்குத் தேங்காய் கிடந்தது. பக்கத்து ஊரான பாபடோயிட்டோயில் ஒரு கடையில் அவள் வாங்கி வந்தது.

"இதென்ன, கடை போடப்போறியோ?"

சாக்கை உதைத்தேன். தேங்காய்கள் நாலாபக்கமும் உருண்டன.

"பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சனான்," என்றாள். "நீங்கள் வீட்டில நிக்கவேணும் எண்டு கேட்டனான். கை போனதுக்கு முதல் நாள்தான் கேட்டது. இப்ப நிக்கிறீங்கள்தானே? உடைக்காட்டி இன்னும் ஏதும் வந்திடுமப்பா."

அடி பாவி! என் விரல்களைத் தின்ற சாமிக்கு மேலதிகமாகத் தேங்காயுமா? இடக்கையால் ஒன்றைத் தூக்கி வீசினேன். அவள் விலகவில்லை, கண்களை மட்டும் மூடிக்கொண்டாள். தேங்காய் அவள் காதோரமாகப் போய்க் கார்க் கண்ணாடியை நொறுக்கியது. நான் எறிந்தது அவள் தலைக்குத்தான். இடக்கைக்குக் குறி பழகவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். சிதறுகாய் கார்களில் தெறிக்கும் என்று அங்கே சீமெந்துத் தொட்டிக்குள்தான் உடைக்கவேண்டும். அவளிடம் கொடுக்காமல் நானே உடைத்தேன். ஒவ்வொன்றையும் ஒரு மண்டையை உடைப்பதுபோல் அடித்தேன். சிரட்டைத் துண்டு புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிய வழிய அடித்தேன். முடித்துத் திரும்பினால், அவள் கைகூப்பி நிற்கிறாள். உதடு அசைகிறது.

"என்ன கேக்கிறாய்? சொல்லடி, என்ன கேட்டனீ?"

"உங்கட கோபம் போகவேணும் எண்டு. வேறொண்டுமில்லை."

வீட்டில் நிற்கவேண்டும் என்று கேட்டதற்கே விரல்கள் போயின. கோபம் எந்த வழியால் போகும்? செத்தவனுக்கும் கோபம் வராதே.

"திருப்பிச் சொல்லு! வேண்டாமெண்டு சொல்லு!"

"கேட்டதை எப்பிடியப்பா வேண்டாமெண்டு சொல்லுறது?"

இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும், தேநீரில் சீனி சரியாக இருந்தாலும், ஒருதரம் கத்திப் பார்க்கிறேன். கோபம் வருகிறது. அப்பாடா, இன்னும் இருக்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் சாமிப் படத்தின் பக்கம் திரும்பி, கண்களை மூடி, மறுபடியும் உதட்டை அசைக்கத் தொடங்குகிறாள்.