முன்னாடியே கிளம்புறேன், மன்னிச்சிடுங்க

ஐந்தரை மணிக்கு விளக்கு அணைந்தது. ஒருவரும் எழவில்லை.

கவாகுச்சி நகரத்தில் கதவுக் கைப்பிடியும் கீலும் விற்கும் கம்பெனி அது. நவம்பர் மாதமாதலால் வெளியேயும் இருட்டிவிட்டது. கம்ப்யூட்டர்களும் தாமாகவே அணைந்துபோயின. அப்படியும் விற்பனைப் பிரிவின் பதினோரு பேரும் இருட்டில் நேராக உட்கார்ந்திருந்தார்கள். பிரிவுத் தலைவர் குராமொச்சி, செத்த மாட்டிடம் பால் கறக்கிறவர் மாதிரி, அணைந்துபோன கம்ப்யூட்டரின் விசைகளை இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.

யாராவது ஒருவர் முதலில் கிளம்ப வேண்டும். அதுதான் சிக்கல். கிளம்புகிறவர் எழுந்து நின்று, "உங்களுக்கு முன்னாடியே கிளம்புறேன், மன்னிச்சிடுங்க" என்று குனிய வேண்டும். உட்கார்ந்திருக்கிறவர்கள், "ரொம்ப உழைச்சுட்டீங்க" என்று பதில் சொல்ல வேண்டும். குராமொச்சிக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்துநான்கு வருஷ வேலையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனவர்களை அவர் எண்ணியதில்லை. தான் கேட்ட நாட்களை இரண்டு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அவருக்கு இருந்த ஒரே பெருமை அது.

இந்த விளக்கணைப்புக்குக் காரணம் சுகயா. குராமொச்சிக்குப் பக்கத்து மேஜைக்காரர். ஆகஸ்ட் மாதம் நூற்றிருபது மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்துவிட்டு, மாடிப்படியில் உருண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது, ஒரு பக்கம் கோணிப்போன வாயால் அவர் சொன்ன வார்த்தை: "உங்களுக்கு முன்னாடியே கிளம்புறேன், மன்னிச்சிடுங்க."

பதினோரு பேரும் எழுந்து குனிந்து, "ரொம்ப உழைச்சுட்டீங்க" என்றார்கள். குராமொச்சியும் சொன்னார். பழக்க தோஷம்.

சுகயா பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் சரியாக வரவில்லை. எஹிமே மாகாணத்தில் அண்ணனின் ஆரஞ்சுத் தோட்டத்தில் இருக்கிறார். தொழிலாளர் துறையிலிருந்து அதிகாரிகள் வந்து பத்துப் பெட்டிக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, ஐந்தரைக்கு விளக்கை அணைப்பது என்று கம்பெனி முடிவெடுத்தது.

பணியாளர் துறைத் தலைவர் ஹொத்தா கையில் டார்ச்சோடு உள்ளே வந்தார்.

"என்னய்யா இது, இழவு வீடா? கிளம்புங்க எல்லாரும்!"

"நீங்க முதல்ல கிளம்புங்க சார்" என்று இருட்டிலிருந்து ஒரு குரல்.

"நான் போயிட்டா நீங்க போனீங்களான்னு யாரு பார்க்கிறது? குராமொச்சி, தலைவர்னு இருக்கீங்களே, எழுந்திருங்க. நீங்க எழுந்தாத்தான் மத்ததுங்க எழும்."

டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. குராமொச்சி எழுந்தார். "உங்களுக்கு முன்னாடியே..." என்று ஆரம்பித்துக் குனிந்ததில், இரும்பு அலமாரியில் நெற்றி 'டங்' என்று இடித்தது. இருட்டிலிருந்து பத்துக் குரல்கள் ஒன்றாக வந்தன: "ரொம்ப உழைச்சுட்டீங்க."

வீடு வராபியில். ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். அந்த இரண்டு ஸ்டேஷன் தூரத்தையும், கடைகளில் விளக்கு எரியும் நேரத்தில் அவர் கடந்ததே இல்லை. ஆறு பத்துக்குக் கதவைத் தட்டினார். சங்கிலியை விடாமல் கதவு மூன்று விரல் அகலம் திறந்தது.

"யாரு?"

"நான்தான்."

"எந்த நான்?" என்ற தமாயே, முகத்தைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள். "வேலை போயிடுச்சா?"

உள்ளேயிருந்து மகள் கோஹரு, "அப்பாவா? யாரு செத்துட்டாங்க?" என்றாள். அவளுக்குப் பதினாறு வயது.

சாப்பாட்டு மேஜைக்கு மூன்று நாற்காலிகள். மூன்றாவதில் பத்துக் கிலோ அரிசி மூட்டை இருந்தது. மூட்டையின் மேல் பூனை இருந்தது. குராமொச்சி என்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து தூங்கிவிட்டுப் போகிறவர் என்றுதான் பூனை நினைத்திருந்தது, அது அசையவில்லை. "எழுப்ப வேண்டாம், பரவாயில்லை, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முகவாய் மேஜை விளிம்புக்கு வந்தது.

அவர் பங்குக் கானாங்கெளுத்தி மீன், வழக்கம்போல, பதினோரு மணிக்குச் சாப்பிடுவதற்காகப் பிளாஸ்டிக் தாள் சுற்றித் தயாராக இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் கை தானாகப் போய் அதை மைக்ரோவேவில் வைத்து இரண்டு நிமிஷம் என்று அழுத்தியது. மீன் வெடித்தது.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். டிவி அணைக்கப்பட்டது. மூன்று பேரும் மிசோ சூப்பைச் சத்தம் வராமல் குடித்தார்கள். நான்காம் நாள் தமாயே கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க வர்றது நல்லதுதான். ஆனா..."

"ஆனா?"

"இந்த நேரத்துக்கு நானும் இவளும் பைஜாமால உக்காந்து, டிவில வினாடி வினா நடத்துறானே அந்த மூஞ்சியத் திட்டிக்கிட்டே சாப்பிடுவோம். இப்ப நீங்க டையைக்கூடக் கழட்டாம எதிர்ல உக்காந்திருக்கீங்க. ஹோட்டலுக்கு சோதனை போட வந்த அதிகாரி மாதிரி. சோறு இறங்க மாட்டேங்குது."

"மன்னிச்சிடுங்க."

"இதோ! குளிக்கப் போனா மன்னிப்பு, தூங்கப் போனா மன்னிப்பு. வீட்ல யாரு யாருக்கு முன்னாடி எங்க கிளம்புறாங்க? கொஞ்சம் லேட்டாத்தான் வாங்களேன். எட்டரைக்கு."

கோஹரு நிமிராமல் பூனையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கவாகுச்சி ஸ்டேஷன் பக்கத்து மின்சாதனக் கடையில், நான்காவது மாடியில், உடம்பு பிடித்துவிடும் நாற்காலிகள் ஆறு இருக்கின்றன. வாங்க நினைப்பவர்கள் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கலாம். மறுநாள் ஆறு மணிக்கு குராமொச்சி அங்கே போனபோது ஐந்து நாற்காலிகள் நிறைந்திருந்தன. நான்கில் அவருடைய பிரிவு ஆட்கள். ஐந்தாவதில் ஹொத்தா. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்கக் கிடந்தார்கள். குராமொச்சி எதையும் கேட்காமல் ஆறாவதில் ஏறிப் படுத்தார்.

பதினைந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் எழவில்லை. ஹொத்தா எழாமல் மற்றவர்கள் எழ முடியாது. மற்றவர்கள் போகாமல் ஹொத்தா போக முடியாது. ஒன்பது மணிக்குக் கடைக்காரப் பெண் வந்து துடைப்பத்தால் தரையைப் பெருக்கிக் காட்டிய பிறகுதான் ஆறு பேரும் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

இப்படி இரண்டு வாரம் ஓடியது. ஆறு பேருக்கும் இடுப்பு வலி போய்விட்டது. அது ஒன்றுதான் லாபம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹெட்போன் வாங்க கோஹரு அந்த மாடிக்கு வந்தாள். கோட்டும் டையுமாக ஆறு பேர் வரிசையாகப் படுத்து நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, முதலில் கைபேசியில் படம் எடுக்கப் போனாள். அப்புறம்தான் மூன்றாவது ஆளைக் கவனித்தாள்.

"அப்பா?"

குராமொச்சி துள்ளி எழப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலி இரண்டு கெண்டைக்காலையும் கவ்விப் பிடித்திருந்தது.

"இங்க என்ன பண்றீங்க?"

"அ-அ-அம்மா எ-எட்டரைக்குத்தானே வ-வரச் சொன்னா" என்றார். குரல் நாற்காலியோடு சேர்ந்து குலுங்கியது.

"அம்மா சொன்னாங்கதான். நீங்க கேட்டுட்டீங்களா?" கோஹருவின் முகம் சிவந்தது. "நான் பொறந்ததுலேருந்து அம்மா சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னு சொல்லிட்டிருந்தாங்க. அதை ஒரு தடவையாவது கேட்டீங்களா? இதை மட்டும் ஒரே தடவையில கேட்டுட்டீங்க!"

ஆறு நாற்காலிகளும் குலுங்கிக்கொண்டே இருந்தன.

"பொண்ணு சொல்றது நியாயம்தான்" என்றார் ஹொத்தா, கண்ணைத் திறக்காமல்.

"நீங்க யாரு?"

"வெளக்க அணைச்சவன்."

"அணைச்சுட்டு நீங்களும் வீட்டுக்குப் போகலையா?"

"வீட்ல பியானோ கிளாஸ் நடக்குதும்மா. ஒன்பது மணி வரைக்கும் எனக்கு அனுமதி இல்ல."

நாற்காலி ஒருவழியாகப் பிடியை விட்டது. குராமொச்சி இறங்கி, கோட்டைச் சரிசெய்து, ஹொத்தாவின் பக்கம் திரும்பினார். முதுகு தானாக வளைய ஆரம்பித்தது. வாய் திறந்துவிட்டது. கோஹரு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு சுகயாவின் கோணல் வாய் ஞாபகம் வந்தது. படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டான். நாமும் அதற்குக் குனிந்து பதில் சொன்னோம். வாயை மூடிக்கொண்டு நடந்தார். அவர் ஒன்றுமே சொல்லாதபோதும், பின்னாலிருந்து ஐந்து குரல்கள் குலுங்கிக்கொண்டே வந்தன: "ரொ-ரொம்ப உ-உழைச்சுட்டீங்க."

ஏழு மணிக்கு வீட்டில் தமாயே பைஜாமாவில் இருந்தாள். அவர் யாரையும் கேட்கவில்லை. முதலில் டையைக் கழற்றினார். அப்புறம் மூன்றாவது நாற்காலியிலிருந்த மூட்டையைப் பூனையோடு சேர்த்துத் தூக்கினார்.

"இதை எங்க வைக்கிறது?"

"அதையும் நானேதான் சொல்லணுமா?"

அடுப்படி மூலையில் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது. ஒரு கால் குட்டை. எத்தனை வருஷமாக அப்படியோ, அரிசி மூட்டைக்குத்தான் தெரியும். டிவி ஓடிக்கொண்டிருந்தது. வினாடி வினாக்காரன் ஏதோ கேட்க, குராமொச்சி பதில் சொன்னார்.

"தப்பு!" என்று வாய் நிறையச் சோற்றோடு கத்தினாள் கோஹரு. இரண்டு பருக்கை அவர் சட்டையில் வந்து விழுந்தது.

"அவன் கேட்ட கேள்வியே தப்பு. மூஞ்சியப் பாரு" என்றார்.

தமாயே அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தன் தட்டிலிருந்த முள்ளங்கி ஊறுகாயை அவர் பக்கம் தள்ளினாள்.

கோஹருதான் முதலில் சாப்பிட்டு முடித்தாள். எழுந்து நின்று, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, இடுப்பு வரை குனிந்தாள். "தலைவரே, உங்களுக்கு முன்னாடியே எழுந்திரிக்கிறேன், மன்னிச்சிடுங்க."

பதில் குராமொச்சியின் தொண்டை வரை வந்துவிட்டது. அதைச் சூப்போடு சேர்த்து விழுங்கினார்.

"போய்த் தொலை. தட்டைக் கழுவி வெச்சிட்டுப் போ."

தமாயேவுக்குப் புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அதெல்லாம் முடியாது" என்றாள் கோஹரு. "ஆபீஸ்ல கடைசியா கிளம்புற ஆளுதானே எல்லாத்தையும் எடுத்து வைக்கணும்? இங்க நீதான்பா கடைசி."

அவர் எழுந்து கழுவினார். மூன்று கிண்ணம், மூன்று தட்டு. ஈரம் போகத் துடைத்து அடுக்கும்போது தமாயே உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

"அது தரை துடைக்கிற துணி."

"மன்னி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "நல்ல துணி எங்க இருக்கு?"

"தேடுங்க."

தேடினார். கிடைத்தது. மறுபடி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மூன்றாவது நாற்காலியில் பூனை சுருண்டு படுத்திருந்தது.

"அது எப்பவும் ஆறு மணிக்கு வந்து ஏறிடும்" என்றாள் தமாயே, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்கு அதுக்கு முன்னாடி வந்தாத்தான் உங்களுக்கு இடம்."